அக்காவின் சொற்கள், என் பெயர்

கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒன்றரை வருடம் சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் கிடைத்த வேலை, செவிலிமேட்டில் ஒரு மாடி வீட்டில் தொடங்கியிருந்த சமுதாய வானொலி நிலையத்தில். தொண்டு நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்று அரசாங்கம் அனுமதித்த புதிது. ஊரில் பெண்களுக்காக வேலை செய்துவந்த ஓர் அறக்கட்டளை விண்ணப்பம் போட்டு, நடையாய் நடந்து உரிமம் வாங்கியிருந்தது. மொட்டை மாடியில் கம்பம். கீழே இரண்டு அறைகள். ஓர் அறையின் சுவரை மறைத்துப் பழைய ஜமக்காளங்களைத் தொங்கவிட்டு, அதற்கு ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கூரம், மறுபக்கம் மாகறல் வரை எங்கள் நிலையம் எடுக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அறக்கட்டளையின் செயலாளர் சொல்வார். மாகறலில் பாதி நாள் கரகரவென்ற சத்தம்தான் கேட்கும். அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

என் பதவி தொழில்நுட்ப உதவியாளர். யாருக்கு உதவி என்று கேட்காதீர்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர் அங்கே வேறு எவரும் இல்லை.

கம்ப்யூட்டர்கள் மூன்றும் யாரோ கழித்துக் கொடுத்தவை. திருட்டு மென்பொருள் சிடி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் செயலாளர் முதலில் சொன்னார். உரிமம் கொடுத்தவர்களே ஒருநாள் சோதனைக்கு வந்து நின்றால் என்ன செய்வது என்று கமிட்டியில் யாரோ பயமுறுத்தவே, சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வங்கியில் வேலை செய்பவர், நாற்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பை நிறைய சிடிக்களோடு ரயிலேறி, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், காசில்லாமல் யாரும் வைத்துக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மென்பொருளை நிறுவிக் கொடுப்பதை ஒரு விரதம்போலச் செய்துவந்தார். மதியச் சாப்பாட்டைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். ஒலியைப் பதிவதற்கும் வெட்டி ஒட்டுவதற்கும் நேரப்படி ஒலிபரப்புவதற்கும் வேண்டியவற்றை ஒரே பகலில் மூன்றிலும் போட்டு முடித்தார்.

கிளம்பும்போது, "காசு இல்லைன்றதுக்காக மட்டும் இதை வெச்சுக்காதீங்க மேடம்" என்றார். "இது உங்களோடது. பிடிக்கலைன்னா உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். யாரையும் கேக்கவே வேணாம்."

தலையாட்டினேன். விளம்பரத்தில் வரும் பேச்சு மாதிரிதான் எனக்குக் கேட்டது.

நிகழ்ச்சி தயாரிக்க ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பிள்ளையார்பாளையத்து அக்கா. வயது முப்பத்தைந்து இருக்கும். வீட்டில் கணவருடைய தறி. அக்காவும் அதில் உட்காருவார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் யாரையும் பேசவைக்கத் தெரிந்தவர். மைக்கை எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்ட மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு குழம்பு, குழந்தை, பஸ் நேரம் என்று எதையாவது ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் எதிரில் இருப்பவர் தன் பேச்சு பதிவாகிறது என்பதையே மறந்துவிடுவார்.

அவர்கள் பதிவு செய்து கொண்டுவருவார்கள். வெட்டிச் சரிசெய்வது என் வேலை. ஒருநாள் நான் முடித்து வைத்திருந்த ஒரு பேட்டியைக் கேட்டுவிட்டு அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

"மூச்செல்லாம் வெட்டிட்டியேம்மா."

"நடுவுல சும்மா இருந்ததுக்கா. வெட்டாட்டி கேக்கறவங்களுக்கு போர் அடிக்கும்."

"சும்மா எங்க இருந்துச்சி? அந்தம்மா அழுவைய அடக்கிக்கினு இருந்துச்சி. அந்த அழுவ அந்த எடத்துல தானே இருந்துச்சி?" என்றவர், சற்று யோசித்து, "எனக்கே சொல்லிக்குடு. நானே வெட்டிக்கிறேன்" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம். அவர் இடத்தை எண்ணி மனப்பாடம் செய்தார். மேலேயிருந்து நாலாவது, அதற்குள் போய் இரண்டாவது. எண்ணுவதில் கவனம் போய்விடுவதால் காது வேலை செய்யவில்லை என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார்.

அடுத்த முறை வந்த வங்கிக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். ஒரு வரியில் ஆங்கிலச் சொல். அடுத்த வரி காலி. "காலி வரியில தமிழ்ல எழுதுங்க. திரையில அதுதான் வரும். தமிழ்ல இதை இன்னும் யாரும் முழுசா செய்யலை" என்றார்.

இரவல் வாங்கிய கலைச்சொல் அகராதியோடு வீட்டில் உட்கார்ந்தேன். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ரேடியோ வேலைக்குப் போகிறேன் என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தமர்ந்தார். செய்ததை இல்லாமல் ஆக்குவதற்கு 'செயல்தவிர்' என்று போட்டோம். ஒலி ஓடும் பட்டைக்கு 'ஒலித்தடம்' என்று போட்டோம். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வாரம் போனது அபூர்வம்.

அக்கா திரையில் விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். "செயல்... தவிர். இன்னாம்மா இது? இங்கிலீசே தேவலாம் போல இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "சரி, நீங்களே சொல்லுங்க. தப்பா ஒண்ணு செஞ்சிட்டீங்க. அதை இல்லாம ஆக்கி, முன்ன இருந்த மாதிரியே கொண்டுவரணும். அதுக்கு என்ன பேர்?"

"பிரிக்கிறது" என்றார் உடனே. "தறியில ஊடை நூலு தப்பா பூந்துட்டா, தப்பு நடந்த எடம் வரைக்கும் பிரிச்சிக்கினு வருவோம். பிரின்னு போடு."

போட்டேன். ஒரு குரல் தேய்ந்துகொண்டே போக, இன்னொரு குரல் அதன்மேல் ஏறி வருகிறதே, அதற்கு நானும் அப்பாவும் ஏழெட்டு எழுத்தில் ஒன்றைக் கட்டி வைத்திருந்தோம். அக்கா அதைப் படிக்கவே இல்லை. நான் இரண்டு பாட்டுகளை ஓடவிட்டு அது என்ன செய்யும் என்று காட்டினேன்.

"இது பிட்னி தானே? முந்தானைக்கு வேற கலர் வரணும்னா பழைய நூலும் புது நூலும் கொஞ்ச தூரம் ஒண்ணா ஓடும். அப்புறம் பழச வுட்டுடுவோம். அந்த எடத்துக்கு பேரு பிட்னி."

அம்மாவின் கல்யாணப் புடவையில் உடலும் முந்தானையும் சேரும் அந்தக் கோட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கொரு பெயர் உண்டு என்பது இருபத்துமூன்று வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு மதிய வேளைகளில் இதுவே வேலையாயிற்று. அக்கா ஆங்கிலச் சொல்லைக் கேட்கமாட்டார். அது என்ன செய்யும் என்று மட்டும் கேட்பார். பார்த்துவிட்டு மற்ற நால்வரையும் கூப்பிட்டு விவாதிப்பார். பின்னணிச் சத்தத்தை எடுப்பதற்கு 'பிசிறு எடு' என்றானது. ஒலித்தடம் 'இழை' ஆனது. ஒரு குரலை மட்டும் வாயடைக்கும் பொத்தானுக்கு ஒருத்தி 'கம்முனு கெட' என்று சொல்ல, ஐந்து பேரும் சிரித்த சிரிப்பு அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த பதிவில் ஏறிவிட்டது. கடைசியில் 'அடக்கு' என்று முடிவானது. எல்லாவற்றையும் தட்டச்சு செய்தவள் நான். ஒற்றுப்பிழை பார்த்தவள் நான். அதில் பொய்யில்லை.

தமிழ்த் திரை வந்தபிறகு ஐந்து பெண்களும் தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களே வெட்டினார்கள். எனக்கு வேலை குறைந்தது. அக்கா வெட்டிய பேட்டிகளில் மூச்சும் தயக்கமும் இருக்கும். தெருவில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். நான் செய்ததைவிட அவை நன்றாக இருந்தன என்பது எனக்கே தெரிந்தது. சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்கு நான் அப்போது பெயர் வைக்கவில்லை.

"இந்தக் கோப்பை மேல, இந்த மென்பொருளைச் செய்யறவங்களுக்கு அனுப்பிடுங்க. அடுத்த பதிப்புல சேத்துப்பாங்க, ஊர் உலகத்துல இருக்கற தமிழ் ரேடியோக்காரங்களுக்கெல்லாம் போய்ச் சேரும்" என்றார் வங்கிக்காரர். "மொழிபெயர்த்தவங்க பேருக்கு இடம் இருக்கும். யார் யார் செஞ்சாங்களோ எல்லார் பேரையும் போடுங்க."

கோப்பின் தலையில் அந்த இடம் இருந்தது. என் பெயரை எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்டது. அக்காவுக்கு மின்னஞ்சல் கிடையாது. அதனால் அவர் பெயரைப் போட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றை உருவாக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒருங்கிணைத்துவந்தவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அழகான முயற்சி, ஆனால் பிட்னி, பிரி, பிசிறு போன்றவை வட்டாரச் சொற்கள், எல்லா நாட்டுத் தமிழருக்கும் புரிகிற பொதுச்சொற்கள் வேண்டும், மாற்றி அனுப்பினால் உடனே சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். "நியாயமாத்தானே எழுதியிருக்கார்? நானே சொல்லணும்னு இருந்தேன். தறி பாஷையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தினா நன்னாவா இருக்கும்?" என்றார்.

ஒரே மாலையில் மாற்றினேன். அக்காவின் சொற்கள் ஒன்று விடாமல் போயின. செயல்தவிர் திரும்ப வந்தது. ஒருங்கிணைப்பாளரோடு வாதாடியிருக்கலாம். குறைந்தபட்சம் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புதிய பதிப்பு வெளியானதும் 'பற்றி' என்ற சாளரத்தைத் திறந்து, அதைச் செய்தவர்களின் நீண்ட பட்டியலில் தமிழுக்கு நேரே என் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன்.

டெல்லியிலிருந்து பார்வையாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். செயலாளர் பரபரத்தார். "உன் பேர் வருதாமே, அந்த அஃபீஷியல் வெர்ஷனை எல்லாத்துலயும் போட்டு வைம்மா. அவங்களுக்கு அதைத் திறந்து காட்டணும்."

வங்கிக்காரரிடம் போனில் சொன்னேன். "தாராளமா போடுங்க. ஆனா உங்க பழைய கோப்பையும் வெச்சுக்குங்க. உங்க ஸ்டேஷனுக்கு உங்க சொல்லு. யாரும் கேக்க முடியாது. இது ஃப்ரீன்னு சொல்றதே அதுக்குத்தானே?" என்றார். எப்படிச் செய்வது என்றும் சொன்னார். ஒரு கோப்பை ஓரிடத்தில் நகலெடுத்து வைத்தால் போதும்.

சரி என்றேன். செய்யவில்லை. பார்வையாளர்களில் தமிழ் தெரிந்தவர் ஒருவர் இருந்து, திரையில் பிட்னியைப் பார்த்து, இது யார் சொன்ன சொல் என்று கேட்டுவிட்டால்? இப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

வந்தார்கள், பார்த்தார்கள். "இந்தப் பொண்ணு தனியாளா உக்காந்து தமிழ்ல பண்ணியிருக்கா" என்று செயலாளர் சொன்னதை ஒருவர் இந்தியில் மற்றவர்களுக்குச் சொன்னார். கைதட்டினார்கள். எட்டாவது படித்தவரும் இதில் வேலை செய்கிறார் என்று காட்ட அக்காவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். படத்துக்குச் சிரித்தபடியே அவர் கண்கள் திரையில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அவர்கள் கார் போனதும் கேட்டார். "இன்னாம்மா, பிட்னிய காணோம்? ஒண்ணையும் காணோம்."

"மேல இருக்கறவங்க மாத்திட்டாங்கக்கா."

"மாத்துனா மாத்திக்கட்டும். எங்களுக்கு மட்டும் பழசு போட்டுக்குடு."

"பாக்கறேன்க்கா."

மூன்று வாரம் போனது. பார்க்கவில்லை.

கூரத்திலிருந்து ஒரு பெண் வந்து பேசியது அந்த மூன்றாவது வாரத்தில். கணவன் வீட்டை விட்டு இரண்டு குழந்தைகளோடு வெளியேறி, தனியாக நின்று பிழைத்தவள். அவளைப் பேசவைக்க அக்கா பல முறை கூரத்துக்கு பஸ் ஏறியிருந்தார். பெயர் சொல்லக்கூடாது, ஒருமுறைதான் பேசுவேன் என்ற நிபந்தனையோடு வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். வழக்கம்போல அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மறுநாள் பதிவுக்காகக் கருவியில் இருந்ததை அழித்துவிட்டோம்.

அக்கா வெட்ட உட்கார்ந்தார். ஓரிடத்தில் தப்பாக வெட்டுப்பட்டது. பிரிக்க வேண்டும். பிரி இல்லை. தவிர், நீக்கு, அகற்று என்று ஒன்றுபோலத் தெரிந்த சொற்களில் ஒன்றை அழுத்தினார். இன்னும் கொஞ்சம் போயிற்று. பதறி வேறொன்றை அழுத்தினார். பிறகு இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சேமித்து மூடிவிட்டார். மூலப் பதிவின் மேலேயே சேமிப்பாகிவிட்டது. அவர் என்னைக் கூப்பிட்டு நான் திறந்து பார்த்தபோது முன்னுரை வணக்கமும் சில வினாடி மின்விசிறிச் சத்தமும்தான் மிச்சம்.

திரும்பப் பேசச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். அதற்குள் அவளுடைய அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இனி இந்தப் பக்கம் வராதே என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்.

செயலாளர் எங்கள் எல்லோர் முன்னாலும் வைத்துக் கத்தினார். "எட்டாவது படிச்சவங்க கையில கம்ப்யூட்டரைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். எவ்ளோ பெரிய புரோகிராம் போச்சு தெரியுமா?"

அக்கா தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறவர் மாதிரி பார்த்தார்.

நான் சொன்னேன். "இனிமே எடிட்டிங் எல்லாம் நானே பாத்துக்கறேன் சார்."

பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அந்த வாக்கியத்தைச் சொன்ன குரல் எவ்வளவு பணிவாக இருந்தது என்பது இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வாரம் வந்தார். பதிவு செய்து கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். நான் வெட்டினேன், மூச்சுகளோடு சேர்த்து. பிறகு ஒரு திங்கட்கிழமை பதிவுக் கருவி, ஹெட்போன், சார்ஜர் மூன்றையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். வீட்டில் ஆர்டர் நிறைய இருக்கிறது, ஆள் போதவில்லை என்றார். எல்லோரும் நம்புகிற காரணம். அவர் போனபிறகு மற்றப் பெண்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

நானும் அதிக நாள் இருக்கவில்லை. சென்னையில் மென்பொருள்களைத் தமிழாக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் எதிரே இருந்தவர் தன் மடிக்கணினியில் அந்தப் 'பற்றி' சாளரத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி, "இது நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

சில வருடங்கள் கழித்து, பெயர்ப் பட்டியலைப் புதுப்பிக்கிறோம், விடுபட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பொதுவாக ஒரு மடல் வந்தது. எனக்கு வேறு வேலை ஓடவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அப்பாவிடம் கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு பிள்ளையார்பாளையம் போனேன்.

அக்கா தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, மகளிடம் காபி போடச் சொன்னார். கல்யாணம் ஆயிடுச்சா, அப்பா உடம்பு எப்படி இருக்குது என்று விசாரித்தார். நான் பேச்சைச் சுற்றி வளைத்து, அந்த மென்பொருளில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன்.

"எந்த வார்த்தைக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் சொன்ன வார்த்தை ஒண்ணுகூட அதுல இல்லையேம்மா. அப்புறம் என் பேரு எதுக்கு? நான் சொல்லாததுக்கு என் பேர போட்டா அது பொய்யி தானே?"

காபி வந்தது. குடித்தேன்.

"பழசயும் வெச்சிக்கலாம்னு பேங்கு சார் அன்னிக்கே சொன்னாரு" என்றார் அக்கா, மகள் உள்ளே போனபிறகு. "நான் அவருக்கு போன் போட்டு கேட்டேன். ஒரு நிமிசத்து வேலைன்னாரு. நீ தான் போடலன்னு எனக்கு தெரியும்மா."

"ஏன்க்கா அப்பவே சொல்லலை? சார் அவ்ளோ கத்தினாரே?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

நானாகத்தான் கூரத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மூன்று முறை அவள் வீட்டுக்குப் போனாராம். முதல் இரண்டு முறை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை அவளே வெளியே வந்தாளாம்.

"நீ சொன்னதெல்லாம் போயிடுச்சிமா, என் கை தப்புன்னு சொன்னேன். போனா போவட்டும்கா, ஒரு வாட்டி வாய் வுட்டு சொல்லிட்டேன் இல்ல, அது போதும்னா. சொல்லிட்டு அழுதா."

"உங்க தப்பு இல்லையேக்கா."

அக்கா எழுந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "யாரோ ஒருத்தர் போயி சொல்லணும் இல்ல?" என்றார். பிறகு, இந்த நேரத்தில் டவுன் பஸ் கிடைக்காது, ஆட்டோக்காரன் அநியாயமாகக் கேட்பான், மெயின் ரோடு வரை நடந்துவிடு என்று வழி சொன்னார்.

நடந்தேன். ஒருங்கிணைப்பாளருக்கு, விடுபட்டவர் யாருமில்லை என்று அன்றே பதில் எழுதினேன். அக்கா சொன்ன நியாயத்தின்படி அது சரியான பதில்தான். எழுதும்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.